பொறியியல் கௌரவச் சங்கத்தை ஓராண்டு நடத்துவது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படிக்கிறீர்கள். ஏப்ரல் தேர்தலில் டாவ் பீட்டா பை கௌரவச் சங்கக் கிளையின் தலைவராகவோ செயலாளராகவோ உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முந்தைய பொறுப்பாளர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். உங்கள் கையில் ஒரு மின்னஞ்சல் கடவுச்சொல்லும் பாதி நிரம்பிய ஒரு கோப்பும் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும். டாவ் பீட்டா பை 1885-இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தொடங்கியவர் சுரங்கவியல் பேராசிரியர் எட்வர்ட் வில்லியம்ஸ். கலை, அறிவியல் மாணவர்களுக்கான ஃபை பீட்டா கப்பா கௌரவச் சங்கத்தில் பொறியியல் மாணவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கும் சம மதிப்புள்ள ஓர் அங்கீகாரம் வேண்டும் என்று அவர் நினைத்தார். பாலத்தின் பாரம் தாங்கும் கால்சட்டமான 'பென்ட்' இதன் சின்னம். மின்பொறியியலுக்கென்று ஈட்டா கப்பா நூ 1904-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2010-இல் ஐ.இ.இ.இ. அமைப்போடு இணைந்தது. கீழே சொல்வது டாவ் பீட்டா பை கிளையை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற கௌரவச் சங்கங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கௌரவச் சங்கங்கள் சரிவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். ஆண்டுக்கு இரண்டு சேர்ப்பு விழா நடக்கும், சான்றிதழ் கிடைக்கும், ரெஸ்யூமேயில் ஒரு வரி ஏறும், அதற்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணால் உள்ளே வந்தவர்கள் அந்தப் படிப்பைப் பிறருக்குக் கொடுத்தால்தான் சங்கம் இருப்பதற்குப் பொருள் உண்டு என்பது என் உறுதியான நம்பிக்கை. அதற்கு நிறைய நிகழ்ச்சிகள் தேவையில்லை. நான்கைந்து வேலைகளை எடுத்து, ஆண்டுதோறும் அதே நாளில், அதே தரத்தில் செய்தால் போதும்.

மே – ஜூலை: நாள்காட்டியைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்

ஃபால் செமஸ்டரின் முதுகெலும்பு சேர்ப்பு விழா. அதன் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றவற்றைப் பின்னோக்கி நிரப்புங்கள்.

1. தேங்க்ஸ்கிவிங் விடுமுறையைக் குறியுங்கள். அது நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை. அதற்கு முந்தைய வாரமே மாணவர்கள் ஊருக்குக் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே விழாவை நவம்பர் இரண்டாம் வாரத்துச் சனி அல்லது ஞாயிறில் வையுங்கள்.
2. அந்தச் சனிக்கிழமை உங்கள் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர் ஆட்ட நாளில் கார் நிறுத்தவும் இடம் கிடைக்காது, அரங்கமும் கிடைக்காது.
3. விழாவுக்கு மூன்று அல்லது நான்கு வாரம் முன்பு வாக்கெடுப்பு, எட்டு வாரம் முன்பு அழைப்புக் கடிதம், பத்து வாரம் முன்பு பெயர்ப் பட்டியல் கையில். இப்படி எண்ணிப் பார்த்தால், பட்டியல் கேட்டு எழுதும் கடிதம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலேயே போயாக வேண்டும் என்பது தெரியும்.
4. சான்றிதழும் பேட்ஜும் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் உள்ள தலைமையகத்திலிருந்து வர வேண்டும். அங்கே பெயர்கள் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதியைப் பார்த்து, வாக்கெடுப்புத் தேதியை அதற்கேற்ப நகர்த்துங்கள்.
5. அரங்கத்தை மே மாதத்திலேயே பதிவு செய்யுங்கள்.
6. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயரும், அவருக்கு மாற்றாக இன்னொரு பெயரும் எழுதுங்கள். 'குழு பார்த்துக்கொள்ளும்' என்று எழுதிய வேலை நடக்காது.

தேசிய மாநாடு ஃபால் செமஸ்டரில் வரும். ஒவ்வொரு கிளைக்கும் வாக்குரிமையுள்ள பிரதிநிதி உண்டு. வழக்கமாகத் தலைவரையே அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை அனுப்புவது நல்லது. மற்றக் கிளைகளிடம் அவர் கற்றுக்கொண்டு வருவது இன்னும் ஓராண்டு கிளையிலேயே பயன்படும்.

ஆகஸ்ட் – செப்டம்பர்: பட்டியலும் கடிதமும்

மூன்றாம் ஆண்டு மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு, நான்காம் ஆண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்கு: டாவ் பீட்டா பையின் தகுதி வரம்பு இது. மூன்றாம் ஆண்டில் 240 பேர் என்றால் 30 பேர். நான்காம் ஆண்டில் 200 பேர் என்றால் 40 பேர். ஈட்டா கப்பா நூவில் இது முறையே நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு. இந்த வரம்புக்குள் இருப்பவர் பரிசீலனைக்குத் தகுதி பெறுகிறார், அவ்வளவுதான். உறுப்பினராக்குவது, குணத்தைப் பார்த்துப் பிறகு நடக்கும் வாக்கெடுப்பு.

1. ஆலோசகரான பேராசிரியரின் கையெழுத்தோடு டீன் அலுவலகத்துக்கோ பதிவாளர் அலுவலகத்துக்கோ எழுதுங்கள். மாணவர் பெயரில் மட்டும் போகும் கடிதத்துக்குப் பதில் வருவது அரிது.
2. கேட்பதைக் குறைத்துக் கேளுங்கள்: பெயர், பல்கலைக்கழக மின்னஞ்சல், துறை, பட்டம் பெறும் செமஸ்டர். ஜிபிஏ உங்களுக்கு வேண்டாம். வரம்புக்குமேல் இருப்பவர்களின் பெயர் போதும்.
3. பட்டியல் வந்ததும் மொத்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, பங்கைக் கணக்கிட்டுச் சரிபாருங்கள். ஒரு துறையே விடுபட்டுப்போவது உண்டு.
4. முதுநிலை மாணவர்களின் பட்டியலையும் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்கும் சேரும் வழி இருக்கிறது; நிபந்தனைகளை ஆலோசகர் சொல்வார். எம்.எஸ். படிக்க வந்த நம் ஊர் மாணவர்கள் பலருக்கு இந்த அழைப்பு வராததற்குக் காரணம், அந்தப் பட்டியலை யாரும் கேட்காததுதான்.
5. கோப்பு ஒரே இடத்தில், செயலாளரும் ஆலோசகரும் மட்டும் திறக்கும்படி இருக்கட்டும்.

பாதுகாப்பு: மாணவரின் மதிப்பெண் விவரத்தை 1974-ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமை மற்றும் தனியுரிமைச் சட்டம் காக்கிறது. எல்லோரும் 'ஃபெர்பா' என்பார்கள். நம் ஊரில் ரேங்க் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழக வேண்டும். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எல்லா முகவரியும் தெரியும்படி ஒரே மின்னஞ்சலை எல்லோருக்கும் அனுப்புவதும் கூடாது. அதைப் பார்த்தாலே யார் உள்ளே, யார் வெளியே என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது அழைப்புக் கடிதம். பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் போலி அமைப்புகளின் மின்னஞ்சல்கள் மாணவர்களுக்கு ஓயாமல் வருகின்றன. உங்கள் கடிதமும் அதில் ஒன்று என்று நினைத்துத் திறக்காமலே அழித்துவிடுவார்கள். அதனால் முதல் வரியிலேயே இந்தப் பல்கலைக்கழகத்தின் கிளை என்பதும் ஆலோசகரின் பெயரும் இருக்கட்டும். இரண்டாவது வரியில் தகவல் கூட்டத்தின் கட்டடம், அறை எண், நேரம். மூன்றாவது வரியில் கட்டணம்: எவ்வளவு, எப்போது, ஒரே தடவைதானா. கட்டணத்தைக் கடைசிக் கூட்டம்வரை சொல்லாமல் வைத்திருக்கும் கிளைகளில் ஆள் நழுவுவது இயல்பு. பணம் கட்ட முடியாதவர்களுக்குத் துறையிலோ முன்னாள் உறுப்பினர்களிடமோ உதவி கேட்டுப் பார்த்து, அந்த வழி இருப்பதையும் கடிதத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் டீன் அலுவலகத்தின் கடிதத்தாளில், தாளிலேயே அச்சிட்டு, துறை வழியாகக் கொடுங்கள்.

தகவல் கூட்டத்தை இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு மாலைகளில் நடத்துங்கள். ஒன்று மட்டும் வைத்தால் ஆய்வக வகுப்பு உள்ளவர்கள் வர முடியாது.

அக்டோபர்: அழைப்பு பெற்றவர்களுக்கு என்ன வேலை?

வாக்கெடுப்புக்கு முன்னால் புதியவர்களும் பழையவர்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்தே இராத ஒருவரின் நேர்மையைப் பற்றி எப்படி வாக்களிப்பது? இரண்டு சந்திப்பு, ஒரு சில மணி நேரச் சேவை, ஒரு கைவேலை என்று வைத்தால் போதும். இதற்குமேல் ஏற்றினால் நடுத்தேர்வுக் காலத்தில் ஆள் விலகும்.

கைவேலை என்று நான் சொல்வது பென்ட் தேய்ப்பது. பித்தளையில் வார்த்த கரடுமுரடான சின்னத்தைப் புதியவர் தானே அராவித் துலக்கி எடுப்பது சில கிளைகளின் பழைய வழக்கம். கணினித் திரையை விட்டு எழாத மாணவர்கள் ஓர் உலோகத் துண்டோடு சில மாலைகளைச் செலவழிக்கும் இந்த வழக்கம் விட்டுப்போன கிளைகள் அதை மீட்டெடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

1. இயந்திரப் பட்டறையின் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசி நேரம் வாங்குங்கள். பட்டறைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காத யாரும் உள்ளே வர வேண்டாம்.
2. வார்ப்பை வைஸில் பிடிக்கும்போது இரு பக்கமும் மரத்துண்டு அல்லது தடித்த துணி வையுங்கள். வெறும் தாடையில் இறுக்கினால் பித்தளையில் பல் பதிந்துவிடும், அதை எடுப்பது பெரும்பாடு.
3. அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வரம்பு நிற்கும். தட்டை அரத்தால் அதை முதலில் எடுங்கள். அரம் முன்னே போகும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிடுங்கள்.
4. பிறகு உப்புத்தாள்: 120, 220, 400, 600 என்ற வரிசையில். ஒரு தாளில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்காகத் தேயுங்கள். முந்தைய கீறல் முழுவதும் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். அவசரப்பட்டு 120-லிருந்து 400-க்குத் தாவினால், கடைசியில் பாலிஷ் போடும்போது பழைய கீறல்கள் பளிச்சென்று தெரியும்.
5. 400-க்கு மேல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கடைசியில் பாலிஷ் பசையும் பருத்தித் துணியும்.

பாதுகாப்பு: பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் வார்ப்பைத் தொடக் கூடாது. மின்சாரப் பாலிஷ் சக்கரத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால் கையுறை போடாதீர்கள். சக்கரம் துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். தலைமுடி, தொங்கும் அடையாள அட்டை, முழுக்கைச் சட்டை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே மட்டும் பிடியுங்கள். மேலே பிடித்தால் துண்டு உங்கள் மேலே எறியப்படும். பித்தளையில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் சாப்பிடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பீட்சாவைப் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள்.

ராகிங் என்று நாம் சொல்வதை அங்கே 'ஹேஸிங்' என்பார்கள். தமிழ்நாட்டில் 1997-இல் தடைச் சட்டம் வந்ததுபோல அங்கே பல மாநிலங்களில் சட்டம் உண்டு. 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமும் வந்து, பல்கலைக்கழகங்கள் இத்தகைய நிகழ்வுகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. புதியவர்களைப் பாடச் சொல்வது, வேடிக்கையான உடை போடச் சொல்வது, இரவில் விழிக்க வைப்பது எதுவும் வேண்டாம். பழைய உறுப்பினர் தானும் கூடச் செய்யாத எந்த வேலையையும் புதியவருக்குக் கொடுக்காதீர்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் வராது.

ஆண்டு முழுவதும்: பாடம் சொல்லிக்கொடுப்பது

ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் உள்ள ஈட்டா கப்பா நூ கிளை இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுப்பதாலேயே உறுப்பினரல்லாத மாணவர்களுக்கும் பழக்கமான பெயர். கால்குலஸ், இயற்பியல், ஸ்டாட்டிக்ஸ், சர்க்யூட்ஸ், நிரலாக்கம் என முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே அறை, ஒரே கிழமை, ஒரே நேரம். முதல் மூன்று வாரம் யாரும் வராமல் போகலாம். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், முதல் நடுத்தேர்வு முடிந்த மறுநாள் அறை நிரம்பும்.

வந்தவரிடம் பேனா இருக்க வேண்டும், உங்களிடம் இருக்கக் கூடாது. "எதுவரைக்கும் வந்தீங்க? அதை எனக்குப் போட்டுக் காட்டுங்க" என்று தொடங்குங்கள். வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பது உதவியல்ல, நேர்மைக் குறைவு. அது பிடிபட்டால் இருவர் மேலும் நடவடிக்கை வரும்.

பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வைக்க ஆசைப்படுவீர்கள். பேராசிரியரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாத ஒரு தாள்கூடக் கோப்பில் இருக்க வேண்டாம்.

குறிப்பு: எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் சங்கத்துக்காக இலவசமாகச் சொல்லிக்கொடுக்கலாம். பல்கலைக்கழகம் அதற்குச் சம்பளம் தருகிறது என்றால் அது வளாகத்துக்குள் செய்யும் வேலையாகிவிடும்; வகுப்பு நடக்கும் காலத்தில் எல்லா வேலையும் சேர்ந்து வாரம் 20 மணி நேரம்தான். வெளியே காசுக்கு டியூஷன் எடுக்கக் கூடாது. ஐயம் இருந்தால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அக்டோபர் – நவம்பர்: வாக்கெடுப்பும் விழாவும்

வாக்கெடுப்புக் கூட்டத்தில் உங்கள் கிளையின் துணைவிதி கேட்கும் எண்ணிக்கைக்கு ஆள் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணுங்கள். இல்லையென்றால் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். குறைந்த ஆட்களோடு எடுத்த முடிவு பிறகு செல்லாமல் போகும். பேச்சு குணத்தைப் பற்றியதாக இருக்கட்டும், அதுவும் நேரில் கண்டதாக இருக்கட்டும். 'அவர் அதிகம் பேச மாட்டார்', 'உச்சரிப்பு புரியவில்லை' என்பவை குணக்குறை அல்ல. தலைவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அறைக்குள் பேசியது வெளியே போகாது என்று கூட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லுங்கள்.

விழாவுக்கு முந்தைய வாரம் சடங்கின் வாசகத்தைப் பொறுப்பாளர்கள் வாய்விட்டு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். புதியவர் பெயர்களின் உச்சரிப்பை அவரவரிடமே கேட்டு, பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாழ்நாளில் ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சியில் தன் பெயரைத் தப்பாகக் கேட்பது யாருக்கும் வலிக்கும். நீண்ட தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. விருந்துக்குச் சைவம், வீகன், ஹலால் எத்தனை என்று முன்பே கேளுங்கள். மதுவைத் தவிர்த்துவிடுங்கள். சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். உங்கள் புதியவர்களில் பலருக்கு அந்த வயது ஆகியிருக்காது.

ஜனவரி – பிப்ரவரி: பள்ளிப் பிள்ளைகள்

பொறியாளர் வாரம் 1951 முதல் நடக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளான பிப்ரவரி 22-ஐ ஒட்டி வரும். சிறுமிகளுக்குப் பொறியியலை அறிமுகப்படுத்தும் நாள் ஒன்றும் 2001 முதல் அதோடு சேர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் செமஸ்டரின் பெரிய வேலையை இங்கே வையுங்கள். சொந்தமாக நிகழ்ச்சி நடத்த ஆள் போதாத கிளை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிப்பவர்களுக்கான மேத்கவுன்ட்ஸ் கணிதப் போட்டிக்கு விடைத்தாள் திருத்தப் போகலாம். அதன் வட்டாரச் சுற்று பிப்ரவரியில் வருகிறது. திருத்த ஆள் எப்போதும் தேவை.

சொந்தமாக நடத்துபவர்களுக்கு வரிசை:

1. டிசம்பரிலேயே பல்கலைக்கழகத்தின் சிறார் பாதுகாப்பு விதிகளை வாங்கிப் படியுங்கள். தன்னார்வலர்களின் பின்னணிச் சோதனைக்கும் பயிற்சிக்கும் பல வாரம் பிடிக்கலாம்.
2. ஒரே பள்ளியைப் பிடியுங்கள். ஐந்து பள்ளிக்கு ஒருமுறை போவதைவிட ஒரு பள்ளிக்கு ஐந்து முறை போவது மேல். மூன்றாவது முறை போகும்போது பிள்ளைகள் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள்.
3. ஐஸ் குச்சிப் பாலம், முட்டையைக் கீழே போடும் போட்டி, பலூன் கார் போன்ற மலிவான செயல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உறுப்பினர்கள் முதலில் செய்து, நேரத்தை அளந்து, அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.
4. பொருள்களை மேசைக்கு ஒரு பையாகப் பிரித்து வையுங்கள்.
5. கடைசிப் பத்து நிமிடத்தைப் பாரம் ஏற்றி உடைத்துப் பார்க்க ஒதுக்குங்கள். எந்த மூட்டு முதலில் விட்டது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பாடம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. விளக்கவுரையை நீட்டி அதை இழந்துவிடாதீர்கள்.

பாதுகாப்பு: பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் தனித்திருக்கக் கூடாது, எப்போதும் இருவர். படம் எடுக்கப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமையைக் கேட்பவர்கள்கூட லேடெக்ஸ் ஒவ்வாமையைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பலூன் எடுத்துப் போவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள். குறைந்த வெப்பத்தில் வேலை செய்யும் பசைத் துப்பாக்கிதான் வாங்க வேண்டும், அதையும் பெரியவர் பிடிக்கட்டும். 9 வோல்ட் பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். பையில் சாவியோடு சேர்ந்தால் ஷார்ட் ஆகிச் சூடேறும்.

திரவ நைட்ரஜன் ஐஸ்கிரீம்: செய்வதானால் இப்படி

பொறியாளர் வாரத்தில் எல்லோரும் கேட்கும் காட்சி இது. அழகானது, ஆனால் ஆபத்தில்லாதது அல்ல. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. வாசனையும் நிறமும் இல்லாததால், மூடிய அறையில் ஆக்சிஜன் குறைவதை உங்களால் உணர முடியாது.

பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மற்றும் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். திறந்த வெளியில் நடத்துங்கள். திரவம் உள்ள கலனோடு லிஃப்டில் ஒருவரும் ஏறக் கூடாது. கலன் மட்டும் போகட்டும், ஆள் படியில் போய் மேலே வாங்கிக்கொள்ளட்டும். இறுக மூடும் பிளாஸ்க்கிலோ பாட்டிலிலோ ஊற்றினால் அது வெடிக்கும். முகக்கவசம், மூடிய காலணி, காலணிக்கு வெளியே விழும் பேன்ட், உதறினால் கழன்று விழும் தளர்வான குளிர்க் கையுறை எல்லாம் ஊற்றுபவருக்கு வேண்டும். பார்வையாளர்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துங்கள். ஐஸ்கிரீமிலிருந்து புகை வருவது முழுவதும் நிற்கும்வரை கிளறி, அதன் பிறகே பரிமாறுங்கள். புகையோடு சாப்பிடுவது படத்துக்கு நன்றாக இருக்கும், மிச்சத் திரவம் வயிற்றுக்குள் போனால் இரைப்பை கிழியலாம். இந்தப் பட்டியலில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ஆண்டு சாதாரண ஐஸ்கிரீம் போதும்.

பணமும் நிறுவனங்களும்

கிளையின் கணக்கை யாருடைய சொந்தப் பெயரிலும் திறக்காதீர்கள். கிளைக்கென்று தனி வரி எண் உண்டு. அதை வைத்துத் திறங்கள், அல்லது பல்கலைக்கழகத்தின் மாணவர் அமைப்புக் கணக்கைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு செலவுக்கும் இருவர் ஒப்புதல் தேவை. பொருளாளர் மாதம் ஒருமுறை வரவு செலவைக் கூட்டத்தில் வாசிக்கட்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகக் கிளை, மகளிர் பொறியாளர் சங்கத்தோடு சேர்ந்து செப்டம்பரில் நடத்தும் வேலைவாய்ப்புக் கண்காட்சி மாணவர்களே நடத்தும் பெரிய நிகழ்ச்சி. அந்த அளவைப் பார்த்து முதல் ஆண்டிலேயே கண்காட்சி நடத்தப் புறப்படாதீர்கள். ஒரு நிறுவனத்தின் பொறியாளரை அழைத்து ஒரு மாலைப் பேச்சு வையுங்கள். மனிதவள அதிகாரியைவிட ஐந்தாண்டு அனுபவமுள்ள முன்னாள் உறுப்பினர் சொல்வதை மாணவர்கள் கேட்பார்கள். உறுப்பினர்களின் ரெஸ்யூமேக்களைத் தொகுத்து நிறுவனங்களுக்குக் கொடுப்பதானால் ஒவ்வொருவரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

மார்ச் – ஏப்ரல்

இரண்டாவது சேர்ப்பு விழா ஃபால் விழாவின் அதே வரிசைதான். ஸ்பிரிங் விடுமுறை குறுக்கே வருவதால் இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

பட்டம் பெறப்போகிறவர்களுக்கு எஃப்.இ. தேர்வுக்கான திருப்புதல் வகுப்பு பெரிய உதவி. உரிமம் பெற்ற பொறியாளர் ஆவதற்கு அது முதல் படி. 110 கேள்விகள், மொத்தம் 6 மணி நேர அமர்வு. 2014 முதல் கணினியில் நடக்கிறது. சூத்திரக் கையேடு திரையிலேயே வரும், சொந்தப் புத்தகம் கொண்டுபோக முடியாது. ஆகவே முதல் வகுப்பிலிருந்தே அந்தக் கையேட்டின் மின்பிரதியில் தேடிக் கணக்குப் போடப் பழக்குங்கள். தாளில் அச்சிட்டுப் படித்தவர்கள் தேர்வறையில் தேடுவதிலேயே நேரத்தை விடுகிறார்கள்.

மே மாதப் பட்டமளிப்புக்கு முன் மோதிர விழாவும் நடத்தலாம். ஆர்டர் ஆஃப் தி இன்ஜினியர் என்ற அமைப்பின் முதல் விழா 1970-இல் கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எழுதும் கையின் சுண்டுவிரலில் துருப்பிடிக்காத எஃகு மோதிரம் போட்டு உறுதிமொழி எடுப்பார்கள். விரல் அளவை மார்ச்சிலேயே எடுத்துவிடுங்கள்.

பொறுப்பாளர் தேர்தலை ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளாமல் மார்ச் கடைசியில் முடியுங்கள். புதியவர்கள் பழையவர்களோடு நான்கைந்து வாரமாவது கூட நின்று வேலை பழக வேண்டும். எல்லாப் பொறுப்பும் நான்காம் ஆண்டு மாணவர்களிடமே போகாமல், மூன்றில் ஒரு பங்காவது மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களிடம் இருக்கட்டும்.

மே: ஒப்படைப்பு

1. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: தேதி, செலவு, வந்தவர்கள், யாரிடம் அனுமதி வாங்கியது, அடுத்த தடவை மாற்ற வேண்டியது. நிகழ்ச்சி முடிந்த அதே வாரத்தில் எழுதினால்தான் உண்மை நினைவிருக்கும்.
2. தலைமையகத்துக்கான ஆண்டறிக்கையை அந்தப் பக்கங்களிலிருந்தே தொகுத்து அனுப்புங்கள்.
3. மின்னஞ்சல், கோப்புகள், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் கிளையின் முகவரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். யாருடைய மாணவர் முகவரியிலாவது இருந்தால் இப்போதே மாற்றுங்கள்; பட்டம் வாங்கிய பின் அந்த முகவரி மூடப்படலாம்.
4. கடவுச்சொற்களை மாற்றி, புதிய செயலாளரிடமும் ஆலோசகரிடமும் கொடுங்கள்.
5. பொருள் அறையைத் திறந்து, இருப்பதை இருவரும் சேர்ந்து எண்ணி, பட்டியலில் கையெழுத்திட்டுச் சாவியை மாற்றிக்கொள்ளுங்கள்.
6. பழைய பொருளாளர் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் புதியவரோடு நேரில் வங்கிக்குப் போய், கையெழுத்து அதிகாரத்தை மாற்றிவிடுங்கள். இருவரும் அடையாள அட்டையோடு போக வேண்டியிருக்கும். கூட்டக் குறிப்பின் பிரதியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.